எந்த ஆபீஸ் எல்லையிலும் சேராத மாடு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கப்போவதாகப் பேச்சு எழுந்தது. தாம்பரத்துக்குத் தெற்கே, மாடம்பாக்கம் போகிற வழியில் எங்கள் காலனி. சேர்ந்துவிட்டால் குடிதண்ணீரும் சாக்கடையும் வந்துவிடும் என்று காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போனோம். ஒருவழியாக ஊராட்சி ஆபீஸைப் பூட்டினார்கள். நகராட்சியோ எங்களை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

அந்த இடைவெளியில், ஐப்பசி மழையில், தெருமுனையில் ஒரு மாடு செத்துக் கிடந்தது. தேடிக்கொண்டு யாரும் வரவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் நகராட்சி ஆபீஸுக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் நிமிரவில்லை.

"உங்க ஏரியா இன்னும் எங்க லிமிட்ல வரலை சார். பஞ்சாயத்துல சொல்லுங்க."

"பஞ்சாயத்து ஆபீஸையே மூடிட்டாங்களே?"

"அப்போ கொஞ்சம் வெயிட் பண்ணுங்க."

"செத்த மாட்டை வெச்சுக்கிட்டு எப்படி சார் வெயிட் பண்றது?"

அவர் எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். வழக்கமான மின்சார ரயிலை விட்டேன். ஆபீஸில் அரை நாள் லீவு போனது.

சாயந்திரம் திரும்பியபோது தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தது. முனையில் இட்லிக்கடை போடும் அக்கா அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை. காலனி வருவதற்கு முன்பிருந்தே அங்கே குடியிருப்பவர்.

"இன்னா சார் சொன்னாங்கோ?"

"நம்ம தெரு அவங்க லிமிட்ல இல்லையாம்."

"ஊரே நாறிகினு கீது, லிமிட்டு பேசிகினு கீறானுங்க! காலைல ஒரு கயிறு எட்த்துனு வா சார்."

விடிந்ததும் அக்கா தன் புருஷனையும் தம்பியையும் மண்வெட்டியோடு அழைத்து வந்தார். காலனியிலிருந்து நான் ஒருவன்தான். மற்ற வீடுகளில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. ஏரிக்கரைப் புறம்போக்கு வரை இழுத்துப் போவதற்குள் இரண்டு முறை கயிற்றைக் கைமாற்றிப் பிடித்தேன். தோண்டத் தோண்டக் குழியில் தண்ணீர் ஊறியது. மண் தள்ளுவதற்கு முன் அக்கா குழிக்குள் குனிந்து பார்த்தார்.

"எந்த வூட்டுக்குப் பால் குட்த்துச்சோ" என்றார்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் நகராட்சி எங்களை முறைப்படி ஏற்றுக்கொண்டது. ஒரு நாள் காலை நான் இட்லிக்கடையில் நின்றபோது ஒரு சுகாதார ஆய்வாளர் வந்தார். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள்.

"நகராட்சி எல்லைக்குள்ள யாரைக் கேட்டு மாட்டைப் புதைச்சீங்க?"

அப்போது இது உங்கள் எல்லை இல்லை என்று உங்கள் ஆபீஸில்தான் சொன்னார்கள் என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"இப்போ தோண்டி எட்த்து உன் கைல குடுக்கவா சார்?"

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். "இனிமே இப்படிச் செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பினார்.

அவர் போன பிறகு அக்கா ஒரு தட்டில் இட்லி வைத்து என் முன்னால் நீட்டினார். நின்றபடியே தின்றேன். தெருவில் மழைத்தண்ணீர் இன்னும் வடியாமல் கிடந்தது. பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.