எச்சில் தொட்ட தேதித்தாள்

தீவில், டெலானிபூர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது என் வீட்டுக்காரர் ஓட்டிய ஆபீஸ் ஜீப் எனக்கு மூத்தது. என்னைவிட அதிகமாகப் புகையும்.

"நாளைக்கும் துவான், இந்தப் பொகை, மூஞ்சில அடிச்சா, ஆபீஸ் சாப் என்னைத் தெக்குக் கடைசித் தீவுல இருக்குற கேம்பல் பேக்கு மாத்திருவாராம்" என்றார் ஒருநாள் மதியம்.

எனக்கு அப்போது ஏழாம் மாதம். மெயின்லேண்டிலிருந்து வாந்தி எடுத்துக்கொண்டே கப்பலில் வந்தவள் நான். மறுபடியும் கப்பலா, இல்லை இவரை அனுப்பிவிட்டு இங்கே தனியாகப் பிள்ளை பெறுவதா?

இன்ஜின் வயிற்றுப் புகையை இன்ஜினே திரும்ப இழுத்துக்கொள்ள, கட்டைவிரல் அளவில் ஒரு வால்வு உண்டு. அதை மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினார். ஆயில் ஊற்றும் வாயைத் திறந்தார். காலண்டரில் தேதித்தாள் ஒன்றைக் கிழித்து என்னிடம் கொடுத்தார்.

"நான் ஆக்சிலேட்டர்லேருந்து கால எடுத்தா வண்டி நின்னுரும். நீ இத அந்த வாய் மேல வை. உள்ள இழுத்தா வால்வு நல்லாருக்கு. மேல தள்ளுனா போச்சு."

இன்ஜின் உறுமியது. தாளை வைத்தேன். துள்ளி வந்து என் மூக்கில் ஒட்டியது. கேம்பல் பேக்குக் கப்பல் ஏறிவிட்டது போலவே தலை சுற்றியது. தூக்கியிருந்த பானெட் அவருக்கு என்னை மறைத்தது. தாளின் ஓரமெல்லாம் எச்சில் தொட்டு அழுத்தி ஒட்டினேன்.

"ஒட்டிக்கிச்சுங்க."

இன்ஜினை நிற்கவிட்டு இறங்கி வந்து பார்த்தார். "டீக் ஹை, சரியாயிருச்சு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் முன்னைவிடப் பயமாகிவிட்டது. தாளை வைத்து இவரை ஏமாற்றலாம், நாளைக்கு மேட்டில் ஏறும்போது சாப் மூக்கை எப்படி ஏமாற்றுவது?

"ஏங்க, பேப்பர்ல எச்சில் தொட்டேன்."

என்னையும் இன்ஜினையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்ஜினுக்கே லஞ்சம் குடுக்குறியாடி?"

வால்வை மறுபடி கழற்றிப் பிரித்தார். உள்ளே கரி இன்னும் அப்பியிருந்தது. ஊசியால் சுரண்டி, கழுவி, காதருகே ஆட்டினார். அடைப்பு விட்டு டிக் டிக் என்றது. அதை மாட்டிவிட்டு மறுபடி ஏறி இன்ஜினை உறுமவிட்டார்.

"இந்தத் தடவ வாய மூடிக்கிட்டு வை."

புதுத் தாளை வைத்தேன். தாளின் நடுவே சின்னக் குழி விழுந்தது. நம்பாமல் மூன்று தரம் எடுத்து வைத்துப் பார்த்தேன்.

மறுநாள் அவர் வரும்வரை ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

"சாப் என்னங்க சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. மேடேறிக் கராச்சர்மா போற வரைக்கும் வாயத் திறந்துகிட்டுத் தூங்குனாரு."