கல்குடாக் கடலில் ஒரு மீசைப் பந்தயம்

போன வைகாசியில் நான் கல்குடாவுக்குப் போனது காற்று வாங்க அல்ல, போன மானத்தை மீட்க. நான் மட்டக்களப்பு நகரில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிறவன். சித்திரையில் கல்குடாவில் ஒரு பங்களாவுக்குப் படம் மாட்டப் போன இடத்தில், குளிக்க இறங்கிய கடலில் ஒரு அதிசயத்தைக் கண்டேன். நடுவிரல் நீளத்தில் ஒரு மீன். கருத்த முதுகு, மஞ்சள் வயிறு, உடம்பைச் சுற்றி வெள்ளைப் பட்டைகள். பவளப் பாறையில் பூப்போல விரிந்து கிடக்கும் ஒரு பிராணி உண்டு. கடற்பூ என்றே வைத்துக்கொள்வோம். தொட்டால் சுணைத்துத் தோல் அரிக்கும், சின்ன மீன்கள் பட்டால் செத்தே போகும். இந்த மீனோ அதற்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது!

ஊருக்கு வந்து சொன்னால், என் தங்கை பாக்கியத்தின் புருசன் தங்கராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மச்சான், வாவியில பிறந்து வளந்த எனக்கே மீன் கதையா? பூவுக்குள்ள வண்டு இருக்கும், மீன் இருக்குமா?" அவன் வாய் சும்மா இருக்குமா? ஒரு கிழமைக்குள் தெருவெல்லாம் எனக்குப் புளுகுமூட்டை என்று பேர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"வந்து பார். மீன் இருந்தா உன்ட மீசையை எடுக்கோணும். இல்லையெண்டா நான் இனி ஒருத்தரிட்டயும் கதையே சொல்ல மாட்டன்" என்றேன். தேங்காயெண்ணெய் பூசி முறுக்கிய மீசை அது. பாக்கியத்தை விட அதைத்தான் அவன் அதிகம் கவனிப்பான். ஆனாலும் ஒத்துக்கொண்டான்.

காலை ரயில் பிடித்தோம். இருபது மைல் சொச்சம், ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். ஏறாவூரில் புடைவை வியாபாரிகள் ஏறினார்கள். அவர்களிடமும் தங்கராசா என் பூ மீனைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தான். கல்குடா ஸ்டேசனில் இறங்கி ஓட்டமாவடிக் காக்கா ஒருவரின் மாட்டுக் கரத்தை வண்டியைப் பிடித்தோம். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் காக்கா என்றுதான் அழைப்போம். கடற்கரைக்குக் கூலி ஐம்பது சதம். பந்தயத்தைக் கேட்டதும் மனிதர் உற்சாகமாகிவிட்டார். "சண்டை பிடிக்காதீங்க தம்பிமார், மீசைக்கு நான் நடுவர்" என்று கரையிலேயே குந்திவிட்டார்.

நான் கொண்டுபோன சாமான் ஒன்றே ஒன்று: அடியை வெட்டிக் கண்ணாடி பொருத்தித் தார் பூசிய மண்ணெண்ணெய்த் தகரம். தண்ணீரில் வைத்துக் குனிந்தால் கடலடி பளிச்சென்று தெரியும்.

இடுப்பளவு தண்ணீரில் நடந்தோம். முதலாவது பூவில் மீன் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. தங்கராசா மீசையைத் தடவிக்கொண்டே பாட்டு வேறு பாடினான். மூன்றாவது பூ ஒரு கற்குழிக்குள் பாதி சுருங்கிக் கிடந்தது.

"இஞ்ச வா, தகரத்தால பார்" என்றேன்.

"எனக்கென்னத்துக்குத் தகரம்?"

வாவிக்காரரின் பழக்கம் அது. வாவித் தண்ணீர் கலங்கல், அங்கே கண்ணுக்கு வேலை இல்லை. சேற்றைக் கையால் தடவியே இறாலும் மீனும் பிடிப்பார்கள். கண்ணாடி போன்ற இந்தத் தண்ணீரிலும் தங்கராசா கண்ணை மூடிக்கொண்டு பூவுக்குள் கையை விட்டான்.

"ஆத்தே! கடிச்சிட்டு!"

துள்ளினான் பாருங்கள், அலையே எழும்பியது. அந்த விரலளவு மீன் விட்டதா? திரும்பி வந்து அவன் முழங்காலிலும் ஒரு இடி. வீட்டுக்காரன் அல்லவா!

தகரத்தை நீட்டினேன். குனிந்தவன் நிமிரவேயில்லை. பெரிதொன்றும் சிறிதொன்றுமாகச் சோடி மீன்கள் பூவின் இழைகளில் உடம்பை உரசிக்கொண்டு உள்ளே போவதும் வருவதுமாக இருந்தன.

"என்ன தம்பி, பாம்பா?" என்று கரையிலிருந்து காக்கா கத்தினார்.

தங்கராசா மெதுவாக நிமிர்ந்தான். "இல்ல காக்கா. மீன். பூவுக்குள்ள மீன்தான்."

நான் அந்தத் தண்ணீருக்குள்ளேயே ஆடினேன். என் கலியாணத்தன்று கூட இவ்வளவு சந்தோசம் எனக்கு இருந்ததில்லை. காக்காவே எங்களை வாழைச்சேனைக் கடைத்தெருவுக்கு ஏற்றிப்போய், சவரக் கடை வாசலில் இறக்கிவிட்டார். கூலி வேண்டாமாம், மீசை போவதைப் பார்க்க விட்டால் போதுமாம்!

போக விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். சித்திரை முதல் ஆவணி வரை கடல் அமைதி. காற்று எழும்பும் முன் காலையிலேயே இறங்குங்கள். பாறை காலைக் கிழிக்கும், கன்வஸ் சப்பாத்துப் போடுங்கள். பவளத்தை உடைக்காதீர்கள். மீனைப் பிடிக்கவும் வேண்டாம், பூவை விட்டுப் பிரித்தால் மற்ற மீன்கள் அதை விழுங்கிவிடும். தகரத்தில் தார் நன்றாகக் காயட்டும்.

அன்று மாலை வீட்டுக் கதவைத் திறந்த பாக்கியம் புருசனைப் பார்த்து, "ஆர் நீங்க?" என்றாள். அவன் நடந்ததை எல்லாம் சொன்னான். "பூவுக்குள்ள மீனாம், அது கடிச்சதாம்! அண்ணனோட சேந்து நீங்களும் புளுகத் தொடங்கிட்டீங்களா?"

ஆகையால் தகரத்தை இரவல் கேட்டு என் கடைக்கு வராதீர்கள். அது தங்கராசாவிடம் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் தன்னை நம்பாத யாராவது ஒருவரைக் கூட்டிக்கொண்டு அவன் கல்குடா ரயில் ஏறுகிறான்.