சாக்பீஸில் எழுதிய தேதி

கடை வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கடை முன்னால் ஆட்கள் கூடி நின்றார்கள். சின்னச்சாமி அண்ணன் விடியற்காலையில் போய்விட்டார் என்று டீக்கடைக்காரர் வந்து சொன்னார். "சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லாதீங்க" என்று அவர் மேலேயே எரிந்து விழுந்தேன்.

நம் கணபதி வட்டாரத்தில் பழைய இரும்பும் பழைய சாமானும் வாங்கி விற்கும் உங்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். எனக்கு அவர் பத்து வருடமாக எதிர்க்கடைக்காரர். என் வீட்டுக்காரர் இறந்தபின் உரிமத்தை என் பெயருக்கு வாங்கி நான் கடையில் உட்கார்ந்த புதிதில், இந்த மனுஷன் என்னை விரட்டத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவ்வளவு தொந்தரவு.

வாங்கிய சாமானை ஏழு நாள் உடைக்காமல், விற்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று நம் உரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டே, நம்மில் எத்தனை பேர் அதை மதித்தோம்? அண்ணன் மட்டும் ஒவ்வொன்றின் மேலும் வாங்கிய தேதியைச் சாக்பீஸால் எழுதி வைப்பார். ஓட்டை அண்டாவைக்கூட விடமாட்டார். என் கடையையும் எட்டிப் பார்த்து, "ஏனுங்க அம்மணி, ஏழு நாள் ஆச்சுங்களா?" என்பார். "உங்க வேலையைப் பாருங்க" என்பேன். கோபித்துக்கொள்ள மாட்டார். "பொருளைத் தொலைச்சவன் தேடி நடந்து வரோணுமில்லீங்க, அதுக்குத்தானுங்க ஏழு நாளு" என்று சிரிப்பார்.

ஒருமுறை கிணற்று மோட்டார் ஒன்று வாங்கினேன். மூன்றாம் நாளே செம்புக் கம்பி எடுக்கும் லாரி வந்துவிட்டது. ஆசையில் மோட்டாரைப் பிரித்துக் கம்பியை லாரியில் போட்டுவிட்டேன். ஐந்தாம் நாள், அவிநாசிப் பக்கத்து விவசாயி ஒருவர், களவு போன தன் மோட்டாரின் நம்பரைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வந்து நின்றார். பின்னாலேயே அண்ணன்.

"நான் வாங்கவே இல்லை" என்று சொல்ல வாயெடுத்தேன். உரிமம் போனால் பிள்ளைகளுக்குச் சோறு இல்லை. அண்ணன் முந்திக்கொண்டார். "இங்கதானுங்க வந்துச்சு. நானே பார்த்தேனுங்க." அந்த நிமிஷம் அவரை என்ன செய்தாலும் தகும் என்று இருந்தது எனக்கு.

அதோடு அவர் நிற்கவில்லை. தன் கடையில் எட்டு நாள் ஆகியிருந்த ஒரு மோட்டாரை விவசாயியின் வண்டியில் ஏற்றிவிட்டார். மறுநாள் உரிம அலுவலகத்துக்கு என்னோடு வந்தார். "அம்மணி அவசரப்பட்டு உடைச்சுப்போட்டாங்க. ஆனா வித்தவன் பேரு, விலாசம் எல்லாம் நோட்டுல இருக்குதுங்க, எதையும் மறைக்கலீங்க. இனிமே நான் பார்த்துக்கறேனுங்க" என்று அதிகாரியிடம் சொன்னார். எச்சரிக்கையோடு விட்டார்கள். வெளியே வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து என் கையில் வைத்தார். நான் அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகும் எட்டிப் பார்த்துக் கேட்பதை அவர் விடவில்லை. நானும் அவர் கடையை எட்டிப் பார்த்து, "அண்ணா, ஏழு நாள் ஆச்சுங்களா?" என்று கேட்க ஆரம்பித்தேன்.

கருமாதி முடிந்தபின் அவர் மகன், ஓட்ட ஆளில்லை என்று அண்ணனின் சைக்கிளை என் கடையில் போட்டுவிட்டுப் போனார். பெயரும் விலாசமும் எழுதிக்கொண்டேன். சைக்கிள் சீட்டின் மேல் அன்றைய தேதியைச் சாக்பீஸால் எழுதினேன். ஏழு நாள் போன வாரமே முடிந்தது. லாரி வந்தது, போனது. நேற்று அந்தத் தேதியை அழித்துவிட்டுப் புதுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். அண்ணன் எங்கிருந்து நடந்து வர வேண்டுமோ, ஏழு நாள் அவருக்குப் போதாது.