ஞாயிற்றுக்கிழமை உள்ளே வந்தவர்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இயந்திர பாகங்கள் வார்க்கும் ஒரு கம்பெனியில் சுமலதா கம்ப்யூட்டர் ஆபரேட்டர். 2008இல் பாஸ்வேர்டை மாற்றும்படி மேனேஜர் பூவராகவனிடம் சொன்னாள். அது அவருடைய கார் நம்பர், வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

“இரும்ப எவம்மா ஒயர் வழியா திருடுவான்?” என்று சிரித்தார் அவர்.

இரும்பு போகவில்லை, கம்ப்யூட்டரில் இருந்த பாகங்களின் வரைபடங்கள் போயின. போட்டிக் கம்பெனி ஒன்று அவற்றை எழுத்துப்பிழைகூட மாறாமல் தன்னுடையது என்று வாடிக்கையாளரிடம் நீட்டியது.

பூவராகவன் துப்பறியக் கிளம்பினார். பெண்களின் சாப்பாட்டுப் பைகளைக் கேட்டில் சோதிக்கச் சொன்னார். ஒரு வாரம் தேடியும் தயிர்சாதம்தான் கிடைத்தது.

சுமலதா கம்ப்யூட்டர் பதிவுகளை அச்செடுத்து முதலாளி முன் வைத்தாள். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில், பூவராகவன் பெயரில் யாரோ வெளியிலிருந்து இணையம் வழியே நுழைந்திருந்தார்கள்.

“ஞாயித்துக்கெழம நான் எந்த வேலையும் செய்றதில்ல சார்” என்றார் பூவராகவன்.

“அதத்தான் சார் நானும் சொல்றேன். உங்க பேர்ல வேற எவனோ செஞ்சிக்கினு இருக்கான்” என்றாள் சுமலதா.

முதலாளி வெகுநேரம் யோசித்தார். தகவல் பாதுகாப்புக்குப் புதிதாக ஒரு பதவியை உருவாக்கி, அனுபவசாலி என்று பூவராகவனையே அதில் உட்காரவைத்தார். நியமனக் கடிதத்தைச் சுமலதாதான் டைப் அடிக்க வேண்டியிருந்தது. அடித்தாள். கூடவே தன் ராஜினாமாவையும் அடித்து, இரண்டையும் முதலாளி மேசையில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போக எளாவூர் பஸ் ஏறினாள்.