வெள்ளிக்கிழமைத் தீர்த்தம்

இலங்கை மலைநாட்டின் எல்ல ஊரில் ஒரு விடுதியில் அறை கூட்டும் வெள்ளைச்சாமிக்கு, சுவீடன்காரர் ஒருவர் கட்டிலடியில் மறந்துவிட்டுப்போன கறுப்புக் கல் கிடைத்தது. கைக்குள் அடங்கும் கல்தான், ஆனால் கடைத் தராசுப் படிக்கல்லாய்க் கனத்தது. இத்தனை கனம் சும்மா கல்லுக்கு வருமா? முனியாண்டியே வந்துவிட்டார் என்று தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கொண்டுபோய் விளக்கடியில் வைத்தார்.

வெள்ளிக்கிழமைதோறும் எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவினார். நகத்தால் சுரண்டினாலே தாள்தாளாய் உரிந்தது கல். அந்தக் கழுவிய நீரை, வயிற்றுவலிக்காரியான மனைவி காளியம்மாளுக்குத் தீர்த்தமாகக் கொடுத்தார். வலி கூடக்கூட, தீர்த்தத்தையும் கூட்டினார்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, விடுதி மேலாளர் ஷிராஸ் அவரைக் கூப்பிட்டார்.

"அந்த சுவீடன்காரர் எழுதியிருக்காரு. அவர் அறையில விட்டுட்டுப்போன கல்லு உலகத்துல ரொம்ப அபூர்வமாம், அவங்க ஊர்ச் சுரங்கத்துல எடுத்ததாம். ஈயமும் மாங்கனீசும் கலந்திருக்காம். வாயில பட்டா நஞ்சுங்கறாரு. நீங்க கண்டீங்களா?"

எடுத்தேன் என்றால் வேலை போகும். வெள்ளைச்சாமி தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று. பிறகு மலையேறி லயத்துக்கு ஓடினார்.

வாசலில் காளியம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க வர நேரமாச்சுன்னு நானே கழுவிக் குடிச்சிட்டேங்க. சாமி நம்மளக் கைவிடாதுங்க."