காய்ந்த படிகத்தில் தண்ணீர்

1. நாலரை கிராம் ஆக்ஸாலிக் அமிலம் நிறுத்தேன்.
2. அதைத் தண்ணீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினேன்.
3. அதை வைத்துக் காஸ்டிக் சோடாக் கரைசலைச் சோதித்தேன். மூன்று முறையும் அது, நான் போட்ட சோடாவின் எடைக்கு மேல் வலு காட்டியது.

காஸ்டிக் சோடா ஈரம் இழுத்து வலுக் குறையலாம், கூட வழியில்லை. ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் அது என் முதல் வாரம். தோல் ஊறும் தொட்டியில் அமிலம் எவ்வளவு என்று இந்தக் கரைசலை வைத்துத்தான் சொல்ல வேண்டும். இருப்பதைவிட ஜாஸ்தியாகச் சொன்னால் குறைவாக ஊற்றுவார்கள், ஆட்டுத்தோல் அழுகிவிடும்.

ஆக்ஸாலிக் அமிலப் புட்டியின் சீட்டை மறுபடி படித்தேன். அதிலிருந்த சூத்திரத்தில் அமிலத்தின் ஒவ்வொரு மூலக்கூறோடும் இரண்டு நீர் மூலக்கூறுகள் இருந்தன. அந்த எடையை நான் விட்டிருந்தேன்.

"இந்தப் படிகத்துக்குள்ள தண்ணி இருக்கு," என்றேன்.

குப்பி கழுவும் அம்மாள் எட்டிப் பார்த்தார். "இன்னாமா சொல்றே? மொறமொறன்னு காஞ்சி கெடக்குது!" உடனே சிரித்தார். "நம்ம பாலாறு மாதிரின்னு சொல்லு. தோண்டினா ஊறும்."

அந்தத் தண்ணீரையும் சேர்த்து ஆறு புள்ளி மூன்று கிராம் நிறுத்து ஒரு லிட்டராகக் கரைத்தேன்; நிறங்காட்டி கலந்து, காஸ்டிக் சோடாவைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். கணக்கு சொன்ன இடத்திலேயே, ஒரே சொட்டில் இளஞ்சிவப்பு படர்ந்தது. யாரும் பார்க்காத தண்ணீரைக் காகிதக் கணக்கு பிடித்துவிட்டதே என்று குடுவையை வைக்க மனமில்லாமல் நின்றேன்.

அன்றைய தோல்கள் கெடவில்லை. புட்டியில் 'தண்ணீர் எடையும் சேர்த்து' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்.