மெழுகு ஆறிய மத்தியானம்

பிள்ளைகளா, உங்கள் அப்பா பேய், பிசாசு எதையும் நம்புகிறவன் இல்லை. மரத்தை அறுத்தால் தூள் வரும், உளி தவறினால் ரத்தம் வரும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம். அப்படிப்பட்டவனுக்குத்தான் இது நடந்தது. சிரிக்கிறதானால் படித்து முடித்துவிட்டுச் சிரியுங்கள். தமிழ் தடுக்கினால் அம்மாவை வாசிக்கச் சொல்லுங்கள்.

டெல்லியிலேயே இந்தத் துவாரகா வீட்டுக்கு வருவதற்கு முன்னால், நீங்கள் பிறக்காத காலம். முனிர்காவில் கீழ்த்தளத்தில் ஒரே அறை, அதிலேதான் வீணைப் பட்டறை. மரவேலை என்னுடையது. பண்ருட்டிப் பலா மரத்தை வாச்சியால் செதுக்கி, உளியும் கொட்டாப்புளியுமாகக் குடைந்து குடம் எடுப்பேன். மேளம் கட்டுவது உங்கள் மாமா. அதாவது வீணையின் கழுத்தான தண்டியின் மேல் மெழுகு வைத்து, அதில் பித்தளை மெட்டுகளைப் பதித்து, ஒவ்வொன்றையும் சுரத்துக்குச் சரியாக நிறுத்துவது. அதற்குக் காது வேண்டும். எனக்கு அந்தக் காது கிடையாது.

அந்த வருஷம் ஆர்.கே.புரத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டும் வீணையும் சொல்லிக்கொடுப்பவர்கள். தொண்டையில் கட்டி, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அப்போதே பேச்சு கரகரவென்றுதான் வந்தது.

"குரல் திரும்பாதுங்கறார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் மடியில வீணை இருக்கணும். இல்லேன்னா நான் எதால பேசுவேன், சொல்லுங்கோ?" என்றார்கள்.

லேசான வீணையாக, அவர்களுக்கென்றே செய்தேன். மரவேலை நன்றாகவே அமைந்தது. மேளம் கட்டும் நேரத்தில் உங்கள் மாமா கும்பகோணத்துக்குப் போனவன் அங்கே மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டான். அந்த அம்மாவோ ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் நானே மெழுகைக் காய்ச்சினேன். அதில்தான் தப்பு. தொழில் பழகிய தஞ்சாவூரில் கலக்கிய பக்குவத்திலேயே கலக்கிவிட்டேன். டெல்லி மே மாத வெயிலுக்கு அது நிற்குமா? போதாததற்கு மத்தியானம் கரண்டும் போய்விட்டது, கூலர் நின்றது, வெளியே லூ காற்று நெருப்பாக அடிக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மெட்டை நிறுத்தி அடுத்ததைத் தொடுவதற்குள் முதல் மெட்டு குடிகாரன் மாதிரி சாய்கிறது. அழுகையே வந்துவிட்டது எனக்கு.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல், கணீரென்று.

"இன்னும் ஒரு மயிரிழை மேல."

மாடியில் யாரோ என்று நினைத்துக்கொண்டு, கை போன போக்கில் மெட்டை நகர்த்திக் கம்பியை மீட்டினேன்.

"போதும். கையை எடுங்கோ. ஆறட்டும்."

எடுத்தேன். நம்பினால் நம்புங்கள், அந்த அடுப்பு மாதிரி அறையில் மெழுகு ஆறி இறுகியது. பிடரியில் சில்லென்று காற்று பட்டது. திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. பயத்தினால் இல்லை. திரும்பினால் நின்றுவிடுமோ என்றுதான். அடுத்த மெட்டுக்கும் சொன்னது, அதற்கடுத்ததற்கும் சொன்னது. "இது தூக்கியிருக்கு." "இப்போ சரி." இப்படியே கடைசி மெட்டு வரை வந்து நிமிர்ந்தபோது, அறையில் நானும் வீணையும் மட்டும்தான்.

கதவைத் திறந்து மாடி ஆன்ட்டியிடம், "கோயி ஆயா தா க்யா?" என்று கேட்டேன், யாராவது வந்தார்களா என்று.

"இஸ் லூ மே கௌன் ஆயேகா பையா? பாகல் ஹோ கயே ஹோ க்யா?" என்று அதட்டினார். இந்த லூவில் எவன் வருவான், உனக்கென்ன பைத்தியமா என்று. அந்த ஆன்ட்டிக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது.

மறுநாள் வீணையை வாங்கிப்போக அந்த அம்மாவின் வீட்டுக்காரர் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஆபரேஷன் நல்லபடியா ஆச்சுப்பா. ஆனா நேத்து மத்தியானம் பூரா மயக்கம் தெளியல. இடது கையால பெட்ஷீட்டை அமுக்கி அமுக்கி நகத்திண்டே இருந்தா. உதடு மட்டும் அசையறது, சத்தம் கிடையாது. நர்ஸ் பயந்துட்டா."

வீணையைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். ஏற்கெனவே நொந்திருக்கிற மனுஷனிடம் இதை எப்படிச் சொல்வது?

அவர்கள் வீடு திரும்பியதும், வீணை எப்படியிருக்கிறது என்று பார்க்கப் போனேன். கழுத்தில் கட்டோடு, மடியில் வீணையோடு உட்கார்ந்திருந்தார்கள். வாசித்தார்கள். அந்த வீட்டுக்காரர் சமையலறைக்குள் போய் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. வாசித்து முடித்ததும் என்னைக் கிட்டே வரச் சொன்னார்கள். குரல் இல்லை, வெறும் காற்றாகத்தான் பேச்சு வந்தது. மெட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே வந்து, கடைசி மெட்டில் நிறுத்தினார்கள்.

"மத்ததெல்லாம் சரி. இதை மட்டும் நான் சொல்லலியே. யார் சொன்னா?"

"மருந்து மயக்கம், ஏதேதோ பேசறா," என்று வீட்டுக்காரர் காபியை நீட்டினார். நான் அதை வாங்காமல் அந்தக் கடைசி மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. அந்த மெட்டுக்கு நான் குரல் எதுவும் கேட்கவில்லை. என் கைமேல் இன்னொரு கை இருந்தது.